மணிக்கொரு தடவை என் குரல்

என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். என் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையம் தொடங்கினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். பகலெல்லாம் வேறு மொழிகள், சாயங்காலம் தமிழ். அந்தச் சாயங்காலத்துக்கு அறிவிப்பாளர் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து பஸ் ஏறும் பெண்கள்தான் எங்கள் நேயர்கள். அக்கரைக்குப் போகும் பாலத்தில் நெரிசலா, ஃபெரிக்கு வரிசை எதுவரை நிற்கிறது, எந்தத் தெருவில் வெள்ளம் என்று பாட்டுக்கு நடுவே சொல்லுவேன். அதைக் கேட்டுத்தான் அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அம்மா, மகள் வரத் தாமதமாகும் என்று தெரிந்துகொள்வாள். நகைக்கடைக்காரரும் மசாலா மில்காரரும் 'நம்ம ஊர் ரேடியோ' என்று சொல்லித்தான் விளம்பரம் கொடுத்தார்கள்.

தொடக்கத்திலேயே நிலையத்தின் அடையாள வரியை என்னைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். "பினாங்கு பேசுகிறது, கேளுங்கள்!" தமிழ் நேரத்தில் மணிக்கொரு தடவை அது ஓடும். நடுவில் ஏதாவது தடங்கல் என்றாலும் அதைத்தான் போடுவோம்.

பிறகு நிலையம் கோலாலம்பூர்க்காரர்கள் கைக்குப் போனது. தமிழ் நிகழ்ச்சி இனி அங்கிருந்தே வரும், இங்கே ஆள் தேவையில்லை என்று மேனேஜர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மளிகைக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடை ரேடியோவில் என் குரல், "பினாங்கு பேசுகிறது, கேளுங்கள்!" அதற்குப் பின்னால் யாரோ ஒரு தம்பி, கோலாலம்பூரில் எந்தச் சாலையில் நெரிசல் என்று உற்சாகமாகப் படித்தான். இங்கே வெளியே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ரேடியோவுல பேசுற, இங்கயும் நிக்கிற!" என்று கடைக்கார அக்கா சிரித்தார்.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க அக்கா."

"சும்மா வெளையாடாத லா. இப்பத்தானே உன் குரலக் கேட்டேன்!"

யாரும் நம்பவில்லை. பஸ் நிறுத்தத்தில், எனக்குத் தெரிந்த தொழிற்சாலைப் பெண் ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். "ஏன் அக்கா, பாலத்துல ஜாம்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? எங்கம்மா வாசல்லயே நின்னு அழுதிருக்காங்க. கே.எல். கதையெல்லாம் நமக்கு எதுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், ஆனால் ஊர்க்காரர்களை ஏமாற்ற முன்னால் நிற்பது என் குரல். திட்டு வாங்குவதும் நான். நேரே அந்த மாடிக்குப் போனேன்.

"என் குரல எடுத்துடுங்க," என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "சம்பளம் கொடுத்துத்தானே ரெக்கார்ட் பண்ணோம்? அது கம்பெனி சொத்து லா. உன் குரலுக்கு ஊர்ல நல்ல பேரு. எதுக்கு எடுக்கணும்?"

நல்ல பேர் எடுத்த குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் வேண்டாமாம்! அவர் மேசையில் இருந்த தேத்தண்ணீரை எடுத்து அவர் சட்டையில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றாமல் வந்தேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகினேன். நேயர் விருப்பம் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தம்பி சொன்ன எண்ணுக்குத் தொலைபேசியைச் சுழற்றினேன். சுழற்றிச் சுழற்றி விரல் வலித்த பிறகு கிடைத்தது.

"வணக்கம் அக்கா! எங்கேர்ந்து பேசுறீங்க?"

"பினாங்குலேர்ந்து தம்பி. மணிக்கொரு தடவ உங்க ரேடியோவுல பேசுறது நான்தான்."

"ஆஹா, நல்லா ஜோக் அடிக்கிறீங்க!"

"ஜோக் இல்ல. என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நீங்க போடுறது வெறும் டேப்பு. இங்க மழை, பாலத்துல ஜாம். கெப்பாலா பத்தாஸ் போற புள்ளைங்க வர நேரமாகும், அவங்கம்மாங்க பயப்பட வேணாம்னு நீங்களாவது..."

தொடர்பு அறுந்தது. காதில் வெறும் இரைச்சல். கூடத்து ரேடியோவிலிருந்து மட்டும் என் குரல், நான் பேசியதை மூடிக்கொண்டு, சிரித்த மாதிரி வந்தது.

"பினாங்கு பேசுகிறது, கேளுங்கள்!"