சம்பூர்ணத்தின் பாலாற்று யானை

"யானை நின்னுட்ச்சி. வாயைத் தொறந்தாத்தான் நடக்கும்" என்கிறாள் சம்பூர்ணம். எதிரே வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வாய்கள் உடனே திறக்கின்றன. கேழ்வரகுக் களியில் முருங்கைக்கீரையும் வேகவைத்த பச்சைப்பயறும் போட்டு மசித்த சின்னச் சின்ன உருண்டைகள் வரிசையாக விழுகின்றன. யானை பாலாற்று மணலில் பத்து அடி நடக்கிறது. மறுபடியும் நின்றுவிடுகிறது.

ஆம்பூரில் ஜியாவுல்லா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால், பதனிடத் தேவையான ஆவாரம்பட்டையை அடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாய்மார்கள் தோல் தொட்டிகளில் வேலை செய்யும் நேரமெல்லாம் ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள அவர்களுடைய பிள்ளைகள் இவள் பொறுப்பு. வயது முப்பது இருக்கும். குள்ளமான உடம்பு. குரல் மட்டும் ஸ்டேஷன் வரை கேட்கும். வேலூரில் ஒரு டாக்டரம்மா வீட்டில் ஆறு வருஷம் குழந்தை பார்த்தவள். சாப்பாடு குழைய இருக்க வேண்டும், ஊட்டும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அங்கே படித்த படிப்பு. ஒவ்வொரு வேளைக்கும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவிய கையை முகர்ந்து பார்த்து, "டாக்டரம்மா கையே இதுகிட்ட தோத்துப் பூடும்" என்று தனக்குத் தானே நற்சாட்சி கொடுத்துக்கொள்வாள்.

கதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ஜவ்வாது மலையிலிருந்து தாகத்தோடு இறங்கிவந்த யானை அது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டுவதற்காக ஆற்றோடு நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வருஷமாக நடக்கிறது. சட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் யானையும் தின்னும். கீரை நாளில் கீரை, வேர்க்கடலை நாளில் வேர்க்கடலை. "பொய்தானே இது?" என்று நான் ஒரு தரம் கேட்டுவிட்டேன். "துன்ற வரிக்கும் நெஜம் வாத்தியாரே" என்றாள். நான் பள்ளிக்கூட வாத்தியார்; ஊர் மனிதர்களைப் பற்றி எழுதுவதும் உண்டு, அதற்காகவே இங்கே வந்து உட்காருவேன். கையில் பிரம்பை வைத்துக்கொண்டும் என் வகுப்பை இப்படி உட்காரவைக்க என்னால் ஆனதில்லை.

அவள் வருவதற்கு முன் இந்தக் கொட்டகையில் சத்தமே இருக்காதாம். காலையில் கடுகளவு அபினியை நாக்கில் தடவிப் படுக்கவைத்தால் பிள்ளை சாயங்காலம் வரை அசையாது. தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் தவழுகிற பிள்ளையை அவர்கள் வேறெப்படிக் காப்பாற்றுவார்கள்? சம்பூர்ணம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "தூங்கற புள்ளைய எங்கிட்ட இட்டாராதீங்க. முழிச்சிக்கினு கத்தற புள்ளைய இட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைக்குச் சோதனையாக இந்த ஆடி மாதம் வந்தாள் கன்னியம்மா. பட்டைத் தொட்டியில் வேலை செய்யும் தேவகியின் மகள். வயது இரண்டு, பார்த்தால் ஒன்று என்றுகூடச் சொல்ல மனம் வராது. அபினியை நிறுத்தியதும் பகலெல்லாம் அழுகை. அழுவதற்குத் திறந்த வாய் சாப்பிடத் திறக்கவில்லை. யானை நின்றாலும் நடந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மேஸ்திரி கோவிந்தசாமி வந்து நின்றார். "ஒரே பேஜாராக் கீது. சனிக்கெயமைக்குள்ள இது அடங்கலன்னா, தாயி புள்ள ரெண்டு பேரும் வூட்டோட இருந்துக்கட்டும்."

அவர் தலை மறைந்ததும் தேவகி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "யக்கா, ஒரே ஒரு கடுகு. வேல பூட்ச்சின்னா ரெண்டு பேருக்கும் கஞ்சி ஏது?"

"சனிக்கெயம வரிக்கும் டைம் கீதில்ல? அதுக்குள்ள பொட்டலத்த அவுத்த, உம் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள் சம்பூர்ணம். சொன்ன வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். தேவகி தொட்டியிலிருந்து ஓடிவந்து, கையை ஒப்புக்கு அலம்பி, களியை மகள் வாயருகே கொண்டுபோனாள். கன்னியம்மா அந்தக் கையை மோந்தாள். வாயைத் திறந்தாள்! ஒரு வாய்தான், அதற்குள் மேஸ்திரியின் குரல் வந்து தேவகி ஓடிவிட்டாள். சம்பூர்ணம் மிச்சத்தை ஊட்டப் போனாள். முகம் திரும்பிக்கொண்டது.

"எங் கையில இன்னா கம்மி?" என்றாள். கோபம் இல்லை, அவமானம். கையை முகர்ந்தாள். சோப்பு வாசனை. தேவகி கையில் வீசியது பட்டைத் தொட்டி வாசனை. பிறகு அடுக்கிலிருந்து ஒரு ஆவாரம்பட்டையை உருவி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டாள். ஊறியதும் அதை எடுத்து, உள்ளங்கை பழுப்பேறும் வரை தேய்த்தாள். தொட்டிப் பெண்கள் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரிலேயே சுத்தமான கை என்று பீற்றிக்கொண்ட கை அல்லவா அது! அவள் என் பக்கம் திரும்பி, "சோப்புப் போட்டுட்டுத்தான் தேச்சேன். எழுதுவியே, அதையும் சேத்து எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அந்தப் பழுப்புக் கையைக் கன்னியம்மா வெகுநேரம் மோந்து பார்த்தாள். அன்று இரண்டு வாய். வெள்ளிக்கிழமை ஐந்து. அழுகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சிணுங்கலாயிற்று.

சனிக்கிழமை மேஸ்திரி வந்து தட்டியில் சாய்ந்துகொண்டார். கன்னியம்மா வட்டத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். யானை நின்றது, எல்லோரோடும் அவள் வாயும் திறந்தது. யானை நடந்தது. ஏழாவது வாய், எட்டாவது வாய். யானை மணலைத் தோண்ட ஆரம்பித்தது. தண்ணீர் வந்ததா இல்லையா என்ற இடத்தில் சம்பூர்ணம் நிறுத்தினாள்.

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டவர் மேஸ்திரி.

நான் சிரித்துவிட்டேன். இப்படி ஒருத்தி என் ஊரில் இருக்கிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. தட்டிக்கு அப்பால் நின்ற தேவகி, மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள். அதைப் பார்த்த சம்பூர்ணம் கையிலிருந்த உருண்டையைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். கதை வரவில்லை. யானை நின்றது நின்றபடியே இருந்தது.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். கன்னியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சட்டியில் கையை விட்டு, ஒரு விள்ளல் களியைக் கிள்ளி எடுத்து, எட்டிச் சம்பூர்ணத்தின் வாயில் வைத்தாள்.