புரட்டாசி சனிக்கிழமையும் ஒரு எல்க் டேக்கும்

நீங்க நம்பலைன்னா பரவால்லீங்க, காபி ஆறறதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன். பேய், சாமி வர்றது, கண்ணு படறது இதெல்லாம் பேசினா எந்திரிச்சுப் போற ஆளு நான். டெக்சாஸ்ல கேட்டிங்கற ஊர்ல இத்தனை வருஷமா ஆயில் கம்பெனிக்கு பைப்லைன் டிசைன் பண்றேன், கணக்குல வராத எதையும் ஒத்துக்க மாட்டேன். இது மட்டும் இன்னும் கணக்குல வரல, அவ்வளவுதான்.

தொண்ணூத்தி ஏழுங்க. ஆபீஸ்ல ரான்னு ஒருத்தர், கொலராடோக்காரர், வேட்டைன்னா உசுரு. அவர் கூடப் பேசிப் பேசி எனக்கும் எல்க் வேட்டை பிடிச்சுப்போச்சு. எல்க்னா நம்ம கடமான் மாதிரி, ஆனா அதவிட ரொம்பப் பெருசு. சும்மா துப்பாக்கி தூக்கிட்டுப் போயிட முடியாதுங்க. முதல்ல ஹண்டர் எஜுகேஷன் கிளாஸ் போய் பாஸ் பண்ணணும். அப்புறம் ஏப்ரல்ல கொலராடோ சர்க்காருக்கு அப்ளை பண்ணணும், குலுக்கல் மாதிரி. வெளி மாநிலத்துக்காரனுக்கு லேசுல விழாது, விழலைன்னா ஒரு பாயிண்ட் குடுப்பாங்க, அடுத்த வருஷம் அது உதவும். எனக்கு ரெண்டு வருஷம் விழல. மூணாவது வருஷம் விழுந்துச்சு பாருங்க, டேக்னு சொல்வாங்க, ஒரே ஒரு எல்க் சுட அனுமதிச் சீட்டு, அது வந்த கவரைப் பிரிச்சப்ப இருந்த சந்தோஷம் கிரீன் கார்டு வந்தப்பக்கூட இல்ல.

அதுலதான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அப்ளை பண்றப்ப அமெரிக்கக் காலண்டரைத்தான் பாத்தேன், நம்ம காலண்டரைப் பாக்கல. சீசன் ஆரம்பிக்கறது அக்டோபர் பதினொண்ணு, சனிக்கிழமை. புவனா, என் வீட்டுக்காரி, ஃபிரிட்ஜ் மேல ஊர்ல இருந்து வந்த தினசரி காலண்டரைக் கிழிச்சுட்டே, "ஏனுங்க, அது புரட்டாசி நாலாவது சனிக்கிழமைங்க. முட்டைகூட வாங்காத மாசத்துல போய் உசுரை எடுக்கறீங்களா?"ன்னா.

தேதியை மாத்த முடியாது, அடுத்தவனுக்குக் குடுக்க முடியாது, விட்டா மறுபடி முதல்ல இருந்து வரிசை. நான் போறதுன்னா போறதுதான்னுட்டேன். மூணு நாள் பேசிக்கல. கிளம்பறப்பத்தான் வாயத் திறந்தா. "போங்க, நான் தடுக்கல. ஆனா அது சாகக்கூடாதுன்னு பெருமாளுக்கு மாவிளக்குப் போடுவேன். உங்க டேக் பெருசா என் விளக்குப் பெருசா பாப்போம்"னா. சரி பாப்போம்னு வண்டிய எடுத்தேன், எனக்கு அவ்வளவு வீம்பு.

கொலராடோ மலைக்கு ரெண்டு நாள் டிரைவ். ரான் வழியெல்லாம் டிப்ஸ் சொல்லிட்டே வந்தார். காத்து நம்ம மூஞ்சில அடிக்கற மாதிரி நில்லு, ஓடறதைச் சுடாதே, தோள்பட்டைக்குப் பின்னாடி குறி வை. பூட்ஸ் மட்டும் நல்லதா வாங்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தார், வாங்கியிருந்தேன். என் இடது கால்ல சுண்டுவிரல் கிடையாதுங்க, எட்டு வயசுல பம்ப்செட் பெல்ட்டுல போயிடுச்சு, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் பஞ்சு வெச்சுத்தான் எந்த ஷூவும் போடுவேன். இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

டேக் விஷயத்துல ரான் ரொம்பக் கறார். மிருகம் விழுந்தப்புறம்தான் அதுல கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி அது மேல கட்டணும். முன்னாடியே போட்டா அது செல்லாது, உன் சீசன் முடிஞ்சுதுன்னார். பேனா அவர் பையிலதான் இருந்துச்சு. டேக்கை நான் சட்டை உள் பாக்கெட்ல வெச்சு ஜிப் போட்டுட்டேன்.

சனிக்கிழமை காலைல புதுப் பனி. மத்த வேட்டைக்காரங்க கண்ணுல படற மாதிரி ஆரஞ்சு வெஸ்ட், ஆரஞ்சு தொப்பி போட்டுட்டு ஒரு சரிவுல உக்காந்திருந்தோம். எட்டு மணி இருக்கும், மரத்துக்குள்ள இருந்து ஒரு ஆண் எல்க் வெளிய வந்துச்சுங்க. வலது கொம்பு நுனி உடைஞ்சிருந்துச்சு. மூணு வருஷ ஆசை, பொறுமை இல்ல. அது திரும்பறப்பச் சுட்டுட்டேன். படக்கூடாத எடத்துல பட்டுடுச்சு, வயித்துப் பக்கம். ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, அப்படியே காட்டுக்குள்ள போயிடுச்சு. கொன்னிருந்தாக்கூட வேட்டைன்னு சொல்லிக்கலாம், இது வெறும் பாவம்.

ரான் திட்டல. உடனே துரத்தினா ஓடிட்டே இருக்கும், அரைமணி உக்காரு, அப்புறம் தேடு, அடிபட்டதைத் தேடாம விடறது சட்டப்படியும் தப்பு, மனுஷத்தனமும் இல்லன்னார். தேடறேன், நாலு நாளானாலும் தேடறேன்னு சொன்னேன். மனசாரச் சொன்னேங்க. அத அந்த வலியோட விட்டுட்டு நான் வீடு திரும்பறதா இல்ல.

பனில ரத்தம் தெளிவாத் தெரிஞ்சுது. ரெண்டு மணிநேரம் ஏறினோம், எனக்கு மூச்சு வாங்குது, நிக்கல. ஒரு சின்ன வெட்டவெளில எல்க் படுத்து எந்திரிச்ச குழி இருந்துச்சு, குழி பூரா ரத்தம். அங்க இருந்து குளம்புத் தடம் கிளம்புது, அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு தடம். மனுசக் கால். வெறுங்கால்.

ரான் பயந்துட்டார். அமானுஷ்யம்னு இல்ல, யாரோ வழி தவறி, குளிர்ல புத்தி பேதலிச்சு பூட்ஸைக் கழட்டிட்டுச் சுத்தறாங்கன்னு. கத்திக் கூப்பிட்டார், பதிலே இல்ல. அந்த வெட்டவெளியச் சுத்தி ஒரு வட்டம் வந்தார். அந்தக் கால் எங்கிருந்து வந்துச்சுன்னு தடமே இல்லீங்க. குழிக்குப் பக்கத்துலதான் ஆரம்பிக்குது.

நான் குனிஞ்சு பாத்தேன். வலது கால்ல அஞ்சு விரல். இடது கால்ல நாலு. சுண்டுவிரல் இருக்க வேண்டிய எடம் மழமழன்னு இருக்கு. நான் எந்திரிச்சு ரானுக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சேன்.

தொடர்ந்து போனோம். ஒரு இருபது அடில ரத்தம் நின்னுடுச்சு. குறையலீங்க, நின்னுடுச்சு. எல்க் ஓடவும் இல்ல, ரெண்டும் மாடு ஓட்டிட்டுப் போற மாதிரி பக்கத்துல பக்கத்துல நடந்து போயிருக்கு. மேட்டு உச்சிக்குப் போனதும் அந்த வெறுங்கால் தடம் நடுப்பனில முடிஞ்சுபோச்சு. எதிர்ச் சரிவுல கூட்டத்தோட கூட்டமா என் எல்க் நிக்குது, அதே உடைஞ்ச கொம்பு. பைனாகுலர்ல பாத்தோம், வயித்துல காயம் ஒண்ணுமே இல்ல. மேயுது. ரான் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தார். அப்புறம் அது மெதுவா அந்தப் பக்கம் இறங்கிப் போயிடுச்சு.

அப்பவும் என் வீம்பு போகல பாருங்க. பொழச்சுதே, நல்லதாப் போச்சு, நாளைக்கு ஒழுங்காச் சுடறேன்னுதான் கேம்ப்புக்கு இறங்கினேன். மத்தியானம் கூடாரத்துல உக்காந்து ஜிப்பத் திறந்து டேக்கை எடுத்தா, அதுல அன்னிக்குத் தேதி போட்டிருக்கு. கையெழுத்தும் இருக்கு. என் கையெழுத்து, தமிழ்ல. காலேஜ் முடிச்சதுல இருந்து நான் தமிழ்ல கையெழுத்துப் போட்டதே இல்லீங்க, பாஸ்போர்ட்ல இருந்து செக் வரைக்கும் இங்கிலீஷ்தான்.

ரான் வாங்கிப் பாத்தார். "இது உன் பேரா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "அப்ப அது உன்னோடதுதான். உன் சீசன் முடிஞ்சுது, நாளைக்கு நீ துப்பாக்கியத் தொடக்கூடாது"ன்னார். எப்ப எழுதினே, எதுக்கு எழுதினேன்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் பூட்ஸக் கழட்டினேன். பூட்ஸ் காஞ்சு கிடக்கு, சாக்ஸ் காஞ்சு கிடக்கு. பாதம் ரெண்டும் ரத்தமாச் சிவந்து, தண்ணில ஊறின மாதிரி சுருங்கிப் போயிருந்துச்சு. கிள்ளிப் பாத்தேன், உணர்ச்சியே இல்ல.

வீட்டுக்கு வந்து புவனாகிட்ட, ஒண்ணும் கிடைக்கலன்னு மட்டும் சொன்னேன். விளக்கு நல்லா நின்னு எரிஞ்சுதுன்னா. மத்ததச் சொல்லல, சொன்னா ஜெயிச்சுட்டேன்னு ஆயுசுக்கும் பேசுவா. துப்பாக்கிய ரான்கிட்டயே குடுத்துட்டேன். டேக் பீரோவுல இருக்கு, வேணும்னா காட்டறேன்.

இன்னும் ஒண்ணு இருக்குங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி நாலாவது சனிக்கிழமை, விடிஞ்சதும் மாவிளக்குக்கு மாவு இடிக்கறப்ப புவனா என்னைய ஒரு திட்டுத் திட்டுவா. போன வாரமும் திட்டினா. "குளிச்சுட்டுக் காலத் தொடைக்காம வர்றீங்களே, கொல்லைக் கதவுல இருந்து பெட்ரூம் வரைக்கும் பூரா ஈரக் காலடி!"

நான் அப்பத்தாங்க கண்ணு முழிச்சிருப்பேன். இன்னும் குளிக்கவே போயிருக்க மாட்டேன்.