மகன் இருக்கிறான்

ரைட்டம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்த ஊர்ப் பேருந்துகளில் யாரும் இல்லை. கண்டக்டர் வேலையில் இருந்தபோது, படிக்கட்டில் தொங்குகிறவனைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான் "ரைட்" சொல்லுவாள். பேர் வந்தது அப்படித்தான். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடித்தவர்களுக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்லவா வேண்டும்.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். விடியும்போதே நெஞ்சில் கல்லை வைத்தாற்போல இருந்தது. குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால், ஈரத் துண்டு தோளிலேயே காய்ந்து போகும். மருமகள் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்கு 'ம்' என்றாள். வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல முடிவுதான், யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லாத முடிவு.

கூட வேலை பார்த்த டிரைவரின் மனைவிதான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே மருந்துக் கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் முதியவர்களுக்கு மனநல ஆலோசனை கொடுத்தார்கள். காசு கிடையாது. ஆலோசகர் ஒரு பெண். அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்டாள். ரைட்டம்மா அன்று அழுத அழுகையில், வெளியே உட்கார்ந்திருந்த டிரைவர் மனைவியும் அழுதாளாம். வாராவாரம் போனாள். மாத்திரையும் கொடுத்தார்கள். மெல்லத் தூக்கம் வந்தது. அழுகல் தக்காளிக்காகக் காய்கறிக்காரரிடம் சண்டை போட்ட அன்று, பிழைத்துக்கொண்டோம் என்று அவளுக்கே தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அரசு கையைச் சுருக்கியது. நிதி போதவில்லையாம். இனி ஆதரவற்ற முதியவர்களுக்கு மட்டும்தான் இலவச ஆலோசனையும் மாத்திரையும். மற்றவர்கள் வெளியே பணம் கட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே கேட்கிற பணத்துக்கு அவளுடைய ஓய்வூதியம் எந்த மூலைக்கு? ஆனால் யார் யாருக்கு ஆதரவு இருக்கிறது என்று வீடு வீடாக வந்து பார்க்க ஒரு அதிகாரியைப் போட மட்டும் நிதி இருந்தது.

அதிகாரி வரப்போகிறார் என்றதும் மகன் பதறிப்போனான். தாயைக் கவனிக்காதவன் என்று எழுதிவிட்டால் வெளியில் தலைகாட்ட முடியுமா? வீட்டைக் கழுவினான். திரைச்சீலையை மாற்றினான். மருமகள் புதுத் துணி எடுத்துக் கொடுத்துத் தலை வாரிவிட்டாள். அதிகாரி உள்ளே வந்தபோது இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு ஒரு குறையும் வெச்சதில்ல சார்," என்றான் மகன்.

"அப்படியாம்மா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

அவள் மகனின் முகத்தைப் பார்த்தாள். வெளி ஆளுக்கு முன்னால் அவனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "எனக்கென்ன குறை," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பாசத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும். தகுதி இல்லை என்று பதில் வந்தது.

மாத்திரை தீர்ந்தது. தூக்கம் மறுபடி போனது. இந்த முறை கூடவே கோபமும் வந்தது. அதுதான் நல்லதாகப் போயிற்று. முடிவை ஏற்காதவர்கள் நேரில் வந்து முறையிடலாம் என்று பதிலின் அடியில் ஒரு வரி இருந்தது. காலையில் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்டே?" என்றான் மகன்.

"ஆபீசுக்கு. என்னை வேணாம்னு சொன்னவரைப் பாக்கணும்."

"நாலு பேருக்கு முன்னாடி என்னத்தச் சொல்லப்போறே? என் மானம் போகும்மா."

"போனா போகட்டும். என் தூக்கம் போச்சே, அதை யாரு கேட்டா?"

தடுக்க முடியாதென்று தெரிந்து அவனும் கூடவே வந்தான். அலுவலகக் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக முதியவர்கள். பாதிப் பேருக்குப் பக்கத்தில் மகனோ மகளோ இருந்தார்கள். வீட்டுக்கு வந்த அதே அதிகாரிதான் மேசையில் இருந்தார்.

"பையன் நல்லா பாத்துக்கறாருன்னு நீங்களேதானம்மா சொன்னீங்க?"

"சொன்னேன். சோறு போடறான். துணி எடுத்துத் தரான். காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடுவான். தங்கமான பையன், எழுதிக்குங்க." அவள் மேசையில் கையை ஊன்றினாள். "தெனமும் காலைல, கண்ணு முழிக்காமலே போயிருந்தா நல்லாருந்திருக்குமேன்னு தோணுது. அதையும் எழுதிக்குங்க. ரெண்டும் உண்மை."

மகன் அவளையே பார்த்தான். இதை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

"குடும்பம்னு ஒண்ணு இருந்தா அவங்கதானம்மா ஆறுதலா இருக்கணும்," என்றார் அதிகாரி.

"கால் ஒடிஞ்சு வர்றவங்கள, மகன் இருக்கானான்னு கேட்டுட்டுத்தான் கட்டுப் போடறீங்களா? இவன் என்ன டாக்டரா? தெரியாத வைத்தியத்த இவன் தலைல கட்டிட்டு நீங்க கையக் கழுவிக்கறீங்க."

"நல்லா கேளுங்கம்மா," என்றார் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர். பக்கத்திலிருந்த மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் உதறிவிட்டார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, பாவம். "விதிய நான் மாத்த முடியாதும்மா. ஒரே வழிதான் இருக்கு. இதுக்கு மேல எங்களால பாத்துக்க முடியலன்னு உங்க பையன் சொல்லணும். சொன்னா மறுபடி அந்த ஆலோசகர்கிட்டயே அனுப்பிடறேன்."

கூடம் முழுவதும் மகன் பக்கம் திரும்பியது. அவனுடைய காதெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வேறு அங்கே உட்கார்ந்திருந்தார். பெற்ற வயிறு, அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று வீட்டில் இவனை விட்டுக்கொடுக்காமல் தன்னை விட்டுக்கொடுத்தது போதும் என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "அம்மாவுக்கு இப்படி இருக்குன்னே எனக்குத் தெரியாது சார். எங்களால... முடியல," என்றான், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

"சத்தமா சொல்லுடா," என்றாள் ரைட்டம்மா. "அவர் எழுதணும்."