பூச்சியத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் தாண்டினால் நிரந்தரம்; அதற்குள் பிடிக்கவில்லையென்றால் அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

நகரின் ஓரத்து மங்கரேயில் லொறிகள் ஓடும் ஒரு சாலை. அதிலிருந்து வீடு எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது, அங்கிருப்பவர்கள் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்ற இரண்டையும், ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் எங்கள் ரெக்ரெஷன் மென்பொருளில் பொருத்திப் பார்த்தோம். தூரத்தைச் சற்றே கூட்டினால் தூக்கம் எவ்வளவு மாறும்? அந்தச் 'சற்றே' எவ்வளவு என்பதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் டீம் லீட் கோயம்புத்தூர்க்காரர். ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு, அதிலும் கோடியில் ஒரு பங்கு என்று வைத்திருந்தார். விடை பூச்சியம் வந்தது. சாலைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லையாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, இவ்வளவு சின்னனை வீடுகளின்ர சராசரித் தூரம் நானூறு மீட்டரோட கூட்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. திரும்பவும் அதே நானூறுதான். கழிச்சால் பூச்சியம்தானே வரும்?"

"சின்னதா வெச்சாத்தானுங்க துல்லியம்? காலேஜ்ல அப்படித்தான் படிச்சோம். விடுங்க, நாளைக்கு ரிப்போர்ட் போகணும், நீங்களும் கையெழுத்துப் போடணுமுங்க."

"தாளில சரி. மெஷினில சரிவராது. இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"உங்க ட்ரையல் இன்னும் முடியலைங்க," என்றார் மெதுவாக. மிரட்டலா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓம், தெரியும். அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ."

சொல்லிவிட்டு, அந்த மாத வாடகையை மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"ஜீரோ தப்புன்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அந்த றோட்டிலதான் அண்ணா நான் இருக்கிறன். விடிய நாலே முக்காலுக்கு வந்து பாருங்கோ."

அவர் லொறி ஓடாத கிளென்ஃபீல்டில் அமைதியாகத் தூங்குகிறவர். விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். அந்தச் 'சற்றே'யை ஒரு சென்டிமீட்டராக்கினேன். பூச்சியம் போய்விட்டது. அதை இரட்டித்தோம், பாதியாக்கினோம். புதிய விடை மாறவில்லை. சாலையை நெருங்க நெருங்கத் தூக்கம் குறைந்துகொண்டுதான் போனது. அவர் ரிப்போர்ட்டைத் திருத்தி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் விடிய நாலே முக்காலுக்கு முதல் லொறி போனது. ஜன்னல் அதிர்ந்தது. "ஓடு, ஓடு. இனி நீ பூச்சியமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.