நலீம் மீனின் வயிறு

ஓராஸ்கலி, கைர்கெனுக்குப் பதினாலாயிரம் தெங்கே கடன்பட்டிருந்தான். இலையுதிர் காலத்தில் அவன் மனைவி ரிஸ்திக்குப் பித்தப்பையில் கல் வந்து ஓஸ்கெமென் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்தபோது வாங்கியது. பிப்ரவரி கடைசி நாளுக்குள் திருப்பவில்லை என்றால் அவனுடைய சினைக் குதிரையைக் கைர்கென் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு சாட்சிகளை வைத்துப் பேச்சு. அந்தப் பெண் குதிரை போனால் சறுக்கு வண்டி இல்லை. வண்டி இல்லாமல் பனிக்கட்டி மேல் எட்டு மைல் போக முடியாது. போகாவிட்டால் மீன் இல்லை, சோறும் இல்லை.

மீன் ஆலை சம்பளத்தை நிறுத்திய வருஷங்கள் அவை. பட்டம் வாங்கியவர்களெல்லாம் அடுப்புக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தபோது, நாலாம் வகுப்பைத் தாண்டாத ஓராஸ்கலி தன் கையால் பிழைத்தான். ஜைசான் ஏரியில் அவனைப் போல் துளை போடுகிறவன் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. முழங்கால் உயரப் பனிக்கட்டியைக் கடப்பாரையின் முப்பது இடியில் துளைத்துவிடுவான். சும்மா சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தக் குளிர்காலத்தில் பதினேழு நாள் கை வெறுமையாக இருந்தது.

டிசம்பரில் நாணல் ஓரத்தில் கோக்செர்கே மீன் அள்ளிய அதே இடத்தில் ஜனவரிக் கடைசியிலும் துளை போட்டான். தகரத்தில் செய்த பொய்மீனைக் கயிற்றில் கட்டி, எப்போதும் போல் வெடுக்வெடுக்கென்று இழுத்தான். ஒன்றும் தொடவில்லை. பக்கத்தில் பத்துத் துளை, அப்புறம் இருபது. கயிறு விரலில் உறைந்தது. பதினேழாம் நாள் ஆழத்துக்குப் போய், தரையை ஒட்டித் தகரத்தைத் தொங்கவிட்டுவிட்டு, அசைக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஒரு கோக்செர்கே மெதுவாக வாயில் வைத்தது. அங்கேயே அதன் வயிற்றைக் கீறினான். உள்ளே ஒரு விரல் நீளப் பொடிமீன். தோல் மட்டும் கரைந்து, முழுசாக இருந்தது. தின்று எத்தனை நாள் ஆயிருக்குமோ!

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் வயிறும் குளிர்ந்துவிடுகிறது. தின்ற ஒரு பொடிமீனைச் செரிக்கவே பல நாள் ஆகிறது. பனிக்கட்டிக்கு அடியில்தான் தண்ணீர் கடுங்குளிர். ஏரித் தரையில் குளிர் கொஞ்சம் குறைவு. அதனால் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். துரத்தாது. பசிக்காதவனுக்கு விருந்து வைத்தது போல்தான் அவன் பதினேழு நாள் தகரத்தை ஆட்டியது.

விளங்கி என்ன பயன்? அசையாமல் பிடித்தாலும் நாளுக்கு இரண்டு, மூன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வேகத்தில் பதினாலாயிரம் சேர அடுத்த குளிர்காலம் வந்துவிடும்.

மறுநாள் தூண்டிலில் ஒரு நலீம் வந்தது. செதிலே இல்லாத, வழவழத்த, தாடையில் ஒற்றை மீசை வைத்த மீன். எங்கள் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். ஏரியில் மூழ்கினவனை அது தின்னும் என்பார்கள். ஓராஸ்கலி அருவருத்து நாயிடம் வீசினான். நாய் கிழித்ததும் அதன் வயிற்றிலிருந்து ஐந்து பொடிமீன்கள் பனிமேல் சிதறின. ஐந்தும் புத்தம் புதுசு. ஒன்றின் கண் இன்னும் பளபளத்தது.

எல்லா மீனும் பட்டினி கிடக்கும் தண்ணீரில் இது மட்டும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

லாரியோடு வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஓஸ்கெமென் சந்தைக்காரி லியூபா ஞாபகத்துக்கு வந்தாள். ஒவ்வொரு தடவையும், "நலீம் இருக்கா? அதோட ஈரலுக்கு ஊர்ல அடிச்சுக்கறாங்க, மீனுக்குக் கிலோ எழுபது தர்றேன்" என்பாள். ஊரே சிரிக்கும். ஓராஸ்கலி மட்டும் சிரித்ததில்லை. அவன் தம்பி சாகிதுல்லா மூன்று வருஷத்துக்கு முன் மெல்லிய பனிக்கட்டி உடைந்து இந்த ஏரிக்குள் போனவன். உடம்பு கிடைக்கவேயில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் ரிஸ்தி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன பேச்சுப் பேசறீங்க? உங்க தம்பியத் தின்ன மீனைப் பிடிச்சு வித்து என் ஆஸ்பத்திரிக் கடனை அடைக்கப் போறீங்களா?"

"தின்னுச்சுன்னு நீ பாத்தியா?"

"ஊரு சொல்லுது."

"ஊரு குதிரையைத் திருப்பித் தருமா? நீ மாவுப் பானையை எட்டிப் பாத்தியா, அடி தெரியுது."

"குதிரை போனாப் போகட்டும். அந்த மீன் இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

"தாண்டாது. பனி மேலேயே வச்சு வித்துடறேன்" என்றான். பிறகு மெதுவாக, "ஒவ்வொண்ணையும் வயித்தைக் கீறிப் பாத்துட்டுத்தான் விப்பேன். அவனோடது ஏதாவது இருந்தா, எல்லாத்தையும் ஏரியிலயே போட்டுட்டு நானே குதிரையைக் கொண்டுபோய்க் கட்டிட்டு வரேன். சரியா?" என்றான்.

மறுநாள் விடியலில் அவன் கிளம்பும்போது ரிஸ்தி துணியில் ரொட்டி சுற்றி வைத்திருந்தாள்.

அறுபது தூண்டில். மாலையில் பொடிமீன் குத்தித் தரையில் இறக்கிவைத்து, விடிந்ததும் இழுப்பான். முதல் நாளே ஒன்பது நலீம். சந்தோஷப்பட முடியவில்லை. ஒவ்வொன்றாய் மல்லாத்தி, கத்தியால் கீறிப் பார்ப்பான். உள்ளே பொடிமீன், நண்டு, சேறு. நாலாம் நாள் ஒன்றின் வயிற்றில் கத்தி எதிலோ கடக்கென்று இடித்தது. ஓராஸ்கலி கத்தியைப் போட்டுவிட்டுப் பனியில் மண்டியிட்டான். தம்பியின் சட்டையில் எலும்புப் பொத்தான்கள் இருந்தன. வெகுநேரம் கழித்து விரலை உள்ளே விட்டான். வந்தது ஒரு கூழாங்கல். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பெரிய ஆள், நாய்க்கு முன்னால் வாய்விட்டு அழுதான்.

அந்த நேரம் பார்த்துத்தானா கைர்கென் சறுக்கு வண்டியில் வரவேண்டும்! தூரத்திலிருந்தே குவியலைப் பார்த்துவிட்டு, கோக்செர்கே என்று நினைத்து உரக்கக் கத்தினார்:

"சிரல்கி!"

வேட்டையோடு நிற்பவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் பங்கு கொடுத்தே ஆகவேண்டும். சொன்னவரும் வாங்கியே ஆகவேண்டும். ஓராஸ்கலி கண்ணைத் துடைத்துக்கொண்டு குவியலிலேயே பெரியதை, நாலு கிலோவுக்குக் குறையாததை, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க அண்ணே, உங்க பங்கு."

கைர்கெனின் முகம் கோணிப்போனது. "அடப்பாவி, இது நலீம்டா!"

"நீங்கதானே கேட்டீங்க."

"இதை வீட்டுக்குக் கொண்டுபோனா என் பொண்டாட்டி என்னையே வெளிய தள்ளிடுவா."

"அப்ப இந்தப் பக்கம் வந்துடுங்க. துளை போடக் கத்துத் தரேன்."

கைர்கென் மீனை வாலைப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்கி வண்டியில் போட்டார். போகும்போது, "கேலியெல்லாம் இருக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி, மறந்துடாத" என்றார். அந்த ஒரு மீன் இருநூற்றெண்பது தெங்கே. ஓராஸ்கலி அதைக் கணக்கிலிருந்து மனசுக்குள் கழித்துக்கொண்டான்.

முதல் வெள்ளி தொண்ணூற்றாறு கிலோ. அடுத்த வெள்ளி, அதாவது இருபத்தெட்டாம் தேதி, எண்பத்துநாலு. லாரிப் பக்கத்தில் லியூபா எண்ணிக் கொடுத்ததையும் முன்பு வாங்கியதையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. இன்னும் ஆயிரத்து நானூறு வேண்டும். பொழுது சாய இரண்டு மணி நேரம் இருந்தது.

"முன்பணம் தா லியூபா."

"என்கிட்ட இருந்தா தரமாட்டேனா ஓராஸ்? மீதியெல்லாம் லாரி எண்ணெய்க்கு."

ஓராஸ்கலி தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றினான். ரிஸ்தி கல்யாணமான வருஷம் தைத்தது. லாரிக்காரன் தடவிப் பார்த்து, "ஆயிரம்" என்றான்.

"ஆயிரத்து நானூறு."

"குளிர்ல நிக்கறது நீ, நான் இல்ல. அவசரம் யாருக்கு?"

"டேய், வெக்கமா இல்ல உனக்கு?" என்று லியூபா தராசுக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். "பத்து ஆட்டுத் தோல்டா இது. எடு பணத்தை, இல்லேன்னா ஊருக்கு நடந்து வா."

லாரிக்காரன் எடுத்தான்.

பஞ்சுச் சட்டையோடு மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் ஓராஸ்கலி ஊருக்குக் குறுக்கே நடந்தான். கைர்கென் வாசலில்தான் நின்றார், கையில் புதுக் கடிவாளம்.

"கோட் எங்கடா?"

"கையை நீட்டுங்க அண்ணே."

கைர்கென் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கடிவாளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். "நான் வாங்கின அந்த மீனுக்கும் ஒரு விலை உண்டுல்ல. அதைக் கழிச்சுக்க."

"சிரல்கிக்கு யாரு விலை போட்டா?"

விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒவ்வொரு நோட்டையும் உதட்டில் ஒற்றி ஈரப்படுத்திப் பிரிக்க வேண்டியிருந்தது. நோட்டில் மீன் வாடை அடித்தது. கைர்கென் முகத்தைத் திருப்பவில்லை. ஓராஸ்கலி உரக்க எண்ணினான், தெருவுக்கே கேட்கும்படி. பதின்மூன்றாயிரம். பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. கடைசி நோட்டு, ஐந்நூறு, விரலோடு ஒட்டிக்கொண்டது. அதை மெல்ல உரித்தெடுத்து, திறந்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தான்.