பத்து நிமிடம் கொதித்த வளையம்

சிவெர்ட் குன்வோரை முதலில் சந்தித்தது அவளுடைய அடுப்படியில்தான். நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். உணவு அறிவியல், முதலாம் ஆண்டு. தன் குடும்பப் பண்ணையிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பக்கத்துப் பண்ணையை வாங்கிப் புதிதாகக் குடிவந்திருந்த குன்வோர் பால் லாரி ஓட்டுபவள். காபி ஊற்றிக் கொடுத்தாள். அவன் கண்ணோ அடுப்புக்கு மேலே தொங்கிய மரவளையத்தில் இருந்தது. போன முறை பீர் காய்ச்சியபோது, அடுத்த முறைக்கு உதவட்டும் என்று முக்கியெடுத்த ஈஸ்ட், அதன் இடுக்கெல்லாம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது.

"அக்கா, இது ஈஸ்ட் இல்ல, கிருமிக் குடித்தனம். தூக்கி எறிஞ்சிருங்க."

"எறிஞ்சிட்டு?"

"கடையில பாக்கெட் விக்குதே."

"காபி ஆறுது, குடி தம்பி."

மூன்று வருடம் கழித்துப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினான். தங்கை மாரித்துக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், பீர் காய்ச்சும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கினான். ஒரு சொட்டுகூடப் புளிக்காது என்று சபதம் வேறு. வாளியைத் தேய்த்தான், கரண்டியை வேகவைத்தான், கதவுக் கைப்பிடியைக்கூட விடவில்லை. கடைசியாகத் தன் வீட்டு ஈஸ்ட் வளையம் கண்ணில் பட்டது. எத்தனை வருட அழுக்கு! பத்து நிமிடம் கொதிக்கவிட்டான். வளையம் பளிச்சென்று வந்தது.

மாலையில், முளைவிட்ட பார்லியிலிருந்து இறக்கிய மால்ட் சாறு உடம்புச் சூட்டுக்கு ஆறியதும், வளையத்தை அதில் இறக்கி, வழக்கப்படி அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினான். கத்தினால்தான் ஈஸ்ட் விழிக்கும். மலைச்சரிவில் இருந்த ஏழு வீட்டுக்கும் கேட்டது. கேட்டவர்கள் மூன்றாம் நாள் ருசி பார்க்க வந்து நிற்பார்கள், அதுவும் வழக்கம்தான்.

காலையில் மூடியைத் திறந்தான். நுரையைக் காணோம். சாற்றில் அவன் முகம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஈஸ்ட் உயிருள்ளது என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, வேகவச்சுக் கொன்னுட்டு எழுந்திருன்னு கத்தியிருக்கே" என்றாள் மாரித். அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் அவளுடையது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நார்வேயில் கடை திறக்காது. திங்கள்வரை சாறு தாங்காது. சிவெர்ட் மேடேறி குன்வோர் வீட்டுக்குப் போனான்.

"நேத்து உன் கத்தல் கேட்டுச்சே. என் மாடெல்லாம் முழிச்சுக்கிச்சு. ஈஸ்ட் முழிக்கலையா?"

"அக்கா... அந்தக் கிருமிக் குடித்தனத்துல கொஞ்சம் கிடைக்குமா?"

"ஏன், கடையில பாக்கெட் விக்குதே?"

கேட்டுக்கொண்டே அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"சாறு புளிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. நக்கிப் பாத்தேன்."

"அப்ப உடனே இன்னொரு தரம் கொதிக்கவை. சாறை மட்டும், சாமி!" வளையத்தைக் கழற்றினாள். "இது உங்க வீட்டு ஈஸ்ட்தான். நான் குடிவந்த வாரம் உங்கப்பா கொண்டாந்து குடுத்தார். ஒரு வீட்ல கெட்டுப்போனா இன்னொரு வீட்ல இருக்கணும்னார். யார் கெடுப்பான்னு மட்டும் சொல்லல."

சாறு மறுபடி கொதித்து ஆறியதும், அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். சிவெர்ட் அவள் வளையத்தைச் சாற்றில் இறக்கினான். அவனுக்கும் சேர்த்து அவளே கத்தினாள். சாயங்காலத்துக்குள் நுரை மூடியைத் தள்ளியது.

சனிக்கிழமை பீப்பாய் காலி.

குன்வோர் இன்றும் பால் லாரிதான் ஓட்டுகிறாள். வளையம் அவள் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. சிவெர்ட் ஒரு பால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். ஊரில் பீர் காய்ச்சும் நாட்களில் வாளி கழுவ மட்டும் அவனைக் கூப்பிடுகிறார்கள்.