பஞ்சில் ஒட்டிய நீலம்

நிஸ்தார் நானா போய்விட்டார் என்று காலை பதினொன்றரை மணிக்கு அவருடைய மகள் அழைத்துச் சொன்னாள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். வெள்ளவத்தையில் கடையைப் பூட்டி, வாகன நெரிசலில் ஊர்ந்து கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கல்லைத் தெரிவு செய்ய அரை நாள் எடுக்கும் மனிதர் போவதில் மட்டும் அவசரம் காட்டிவிட்டார். வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே நின்றேன். அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நான் ஓடருக்கு நகை செய்து கொடுப்பவள். எனக்குக் கல் கொண்டுவந்து தந்தவர் நானா. எல்லோரும் பளபளக்கும் நீலக்கல்லைத் தேட, அவருக்கு மட்டும் லாபிஸ் கல்லில்தான் ஆசை. ஒளி ஊடுருவாத கடும் நீலம், பொன்னிறப் புள்ளிகள், எங்காவது ஒரு வெள்ளைக் கோடு. கடை வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"வெள்ளை ஈக்கட்டும் தங்கச்சி. மண்ணுக்குள்ள கிடந்த சாமான்தானே" என்பார்.

"நானா, இது கலியாண நகை. உங்கட தத்துவத்தைப் பதிக்க ஏலாது" என்று நான் எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா மகளின் கலியாணத்துக்குச் சங்கிலியில் கோக்க லாபிஸ் பென்டன் கேட்டார். "வெள்ளைக் கோடு ஒண்டும் வேண்டாம் பிள்ளை, முழு நீலமா வேணும்" என்றார். நானா இரண்டு கிழமை தவணை கேட்டார். எனக்குப் பொறுமை இல்லை. வேறிடத்தில் ஒரு கல்லை வாங்கி, இயற்கைக் கல்தான் என்று அந்த அம்மாவுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா கல்லைப் பார்க்க வரவிருந்த அன்று நானாவும் வந்து சேர்ந்தார். கல்லைக் கையில் எடுத்தவர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் கேட்டார். பஞ்சில் நனைத்துப் பின்பக்கத்தைத் தேய்த்தார். பஞ்சு நீலமானது.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா உள்ளே வந்தார். நானாவின் ஒரு கையில் கல், மறுகையில் பஞ்சு.

"நீங்கள்தானோ இந்தச் சாயக்கல்லைக் குடுத்தனீங்கள்?"

நானா என்னைப் பார்த்தார். நான் குனிந்து, தேவையில்லாத எதையோ மேசை லாச்சிக்குள் தேடினேன். நானா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவிடம், "நல்ல கல்லொண்டு கொண்டுவந்து தாறன்" என்றார். மூன்றாம் நாள் கொண்டுவந்தார். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. அந்த அம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் நானா சாயக்கல் விற்கிறவர் என்று கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லித் திரிந்தார்.

அதன்பின் எத்தனையோ பேர் என்னிடம், "அந்த நானாட கல் இல்லைத்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி அவருடைய கல்லையே பதித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அவர் அதைப்பற்றி ஒரேயொரு தடவைதான் கதைத்தார். "நீங்க சொல்லுவீங்கண்டு பாத்தன் தங்கச்சி." பிறகு வழமைபோலக் கல்லுப் பொட்டலத்தை விரித்தார்.

அடக்கத்தன்று அவருடைய மகள் எனக்குத் தேநீர் தந்தாள். "வாப்பா உங்கட கடையப் பத்தி ஒருநாளும் குறை சொன்னதில்ல" என்றாள். குடிக்க முடியவில்லை.

நானாவை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவர் யாருக்கும் சாயக்கல் விற்றதில்லை. அந்தக் கல் நான் வாங்கியது. இன்னமும் என் லாச்சிக்குள்தான் கிடக்கிறது, ஒரு வெள்ளைக் கோடும் இல்லாமல்.